கானுஸ் ஏன் துருத்திக்குழல் ஊத ஆசைப்பட மாட்டார்?

ரோமானியக் கவிஞர் மார்சியலின் பத்தாம் புத்தகத்தில் மூன்றாவது கவிதையைத் தமிழாக்கும்போது, ‘கானுஸ் அஸ்கௌலேஸ் ஆக ஆசைப்படுவானா’ என்ற வரியில் ‘அஸ்கௌலேஸ்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அகராதியில் ‘பேக்பைப் வாசிப்பவன், கிரேக்கச் சொல்’ என்று மட்டும் இருக்கிறது. ரோமில் பேக்பைப் உண்டா, நீரோ வாசித்தது அதுதானா, லத்தீனில் ‘உத்ரிகுலாரியுஸ்’ என்று சொந்தச் சொல் இருக்கும்போது கிரேக்கச் சொல் எதற்கு, தமிழில் என்ன போடலாம் என்று கேட்கிறீர்கள். நான்கு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அந்த வரியைக் கேட்ட ரோமானியருக்கு இந்தச் சொல் எப்படிக் காதில் விழுந்தது? அது தெரிந்தால் தமிழ்ச் சொல் தானாக வரும்.

நான் குருமடத்தில் லத்தீன் படிக்கத் தொடங்கியவன். பிறகு கிரேக்கமும் படித்து, இருபது வருடத்துக்கு மேலாக இரண்டையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சொல்லைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். இசைக்கருவி வரலாறு என் துறை இல்லை. அதனால் கருவியைப் பற்றிப் பேசும்போது பழைய நூல்கள் சொல்கிற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘அஸ்கோஸ்’ என்றால் கிரேக்கத்தில் தோற்பை. ஆட்டுத்தோலையோ மாட்டுத்தோலையோ முழுசாக உரித்து, கால்களைக் கட்டி, மதுவோ எண்ணெயோ ஊற்றி வைக்கிற பை. ஒடிசி காவியத்தில் ஏயோலஸ் காற்றையெல்லாம் ஒரு மாட்டுத்தோல் பையில் அடைத்துக் கட்டி ஒடிசியஸிடம் கொடுப்பாரே, அதுவும் அஸ்கோஸ்தான். வயிற்றில் நீர் கோத்து வீங்கும் மகோதரத்தை டாக்டர்கள் ‘அசைட்டிஸ்’ என்கிறார்கள், அதன் வேரும் இந்தப் பைதான். அடுத்த பாதி ‘ஔலோஸ்’, அதாவது ஊதுகுழல். கூட்டுச்சொல்லின் கடைசியில் ‘ஔலேஸ்’ என்று வந்தால் குழல் ஊதுகிறவன். ஆக, அஸ்கௌலேஸ் என்றால் தோற்பையோடு சேர்ந்த குழலை ஊதுகிறவன். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. உச்சரிப்பிலும் நமக்குச் சிரமம் இல்லை, அந்த ‘au’ ஒலிக்கு நம்மிடம் ‘ஔ’ இருக்கிறது.

இதே குடும்பத்தில் இன்னொரு சொல்லை நீங்கள் தினமும் கேட்கிறீர்கள். தண்ணீரின் அழுத்தத்தால் காற்றைத் தள்ளி ஒலிக்கச் செய்த ஆர்கன் ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. தண்ணீர் என்ற சொல்லையும் ஔலோஸையும் சேர்த்து அதற்கு ‘ஹுத்ரௌலிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஜேசிபிக்காரர் ‘ஹைட்ராலிக் போச்சு’ என்று சொல்லும்போது அந்த ‘ரால்’ இருக்கிறதே, அது இந்தக் குழல்தான்.

ஔலோஸைப் பல மொழிபெயர்ப்புகளில் ‘புல்லாங்குழல்’ என்று போட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஔலோஸில் சத்தம் பிறப்பது குழலின் வாயில் பொருத்திய நாணல் நாக்கில். நம் ஊரில் அதற்கு நெருங்கிய சொந்தம் நாதஸ்வரம். ஒரு சீவாளியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாணல் தட்டையைப் பதப்படுத்தி, தட்டையாக்கி, கெண்டையில் கட்டியிருப்பார்கள். வாசிக்கிறவர் அதை வாயில் வைத்து ஈரமாக்கி, பதம் பார்த்து, பிறகுதான் குழலில் சொருகுவார். கிரேக்கர்களும் இப்படித்தான் நாணலைத் தேடி அலைந்தார்கள். கிரேக்கத்தின் பீயோஷியா பகுதியில் ஓர்கோமேனோஸ் பக்கத்து ஏரிக்கரையில் வளரும் நாணலை எப்போது வெட்ட வேண்டும், எப்படி ஆறப்போட வேண்டும் என்று தியோஃப்ராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் தன் தாவர நூலில் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். ஒரே ஆள் இரண்டு குழல்களை ஒன்றாக வாயில் வைத்து ஊதுவார். கன்னம் தாங்காது என்று தலையைச் சுற்றி ஒரு தோல் வாரும் கட்டிக்கொள்வார்.

அந்தக் கன்னத்தைச் சுற்றி ஒரு கதை உண்டு. குழலைக் கண்டுபிடித்தவள் அத்தீனா தேவி. ஊதும்போது தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். கன்னம் உப்பி முகம் கோணலாக இருந்தது. பிடிக்காமல் குழலை வீசி எறிந்துவிட்டாள், அதை மார்சியாஸ் என்ற காட்டுத் தேவன் எடுத்துக்கொண்டான். இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நீரோவிடம் போகும்போது வேண்டியிருக்கும்.

பை வந்து சேர்ந்தால் என்ன ஆகிறது? வாய் பையை நிரப்புகிறது, கை பையை அழுத்துகிறது, அந்தக் காற்று குழலுக்குள் போகிறது. மூச்சு வாங்கும்போதும் சத்தம் அறுபடாது. ஆனால் நாக்கு குழலுக்குள்ளே மாட்டிக்கொண்டிருப்பதால் உதடு அதைத் தொட முடியாது. நாதஸ்வரக்காரர் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஒரு ஸ்வரத்தைக் குழைத்துக் கமகம் கொடுக்கிறாரே, அந்த வேலைக்கு இங்கே வழி இல்லை. சத்தம் ஒரே சீராக வரும், நிறுத்தவே நிறுத்தாது. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால்தான் மார்சியலின் வரி புரியும் என்பது என் கருத்து.

சரி, கவிதைக்கு வருவோம். பத்தாம் புத்தகம் இன்று நம் கையில் இருப்பது 98-ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு. யாரோ ஒரு மறைமுகக் கவிஞன் அசிங்கமான வசைக் கவிதைகளை எழுதி மார்சியலின் பெயரில் பரப்புகிறான். மார்சியலுக்குக் கோபம். உடைந்த கண்ணாடிக் கோப்பைகளை வாங்கி விற்கிற வியாபாரி, ஒரு கந்தகக் குச்சி விலைக்குக்கூட எடுக்காத சரக்கு அது என்கிறார். (இங்கே ‘பேரீச்சம்பழத்துக்குக்கூடப் போகாத சரக்கு’ என்று நீங்கள் தாராளமாகப் போடலாம். பொருளும் அதுதான், தெருவும் அதே மாதிரித் தெருதான்.) பிறகு பிரிஸ்கஸ் என்ற நண்பரைப் பார்த்துக் கேட்கிறார்: இதை நீ நம்புகிறாயா? கிளி காடையின் குரலில் பேசுமா? கானுஸ் அஸ்கௌலேஸ் ஆக ஆசைப்படுவானா?

இந்தக் கானுஸ் கற்பனைப் பாத்திரம் இல்லை. அந்தக் காலத்தில் ரோமில் பெரிய பெயர் எடுத்த குழல் வித்வான். மார்சியலே நான்காம் புத்தகத்தில் ஊரே கைதட்டும் கலைஞராக இவர் பெயரைச் சொல்கிறார். கால்பா பேரரசர் இவருடைய வாசிப்பில் மயங்கிப்போய், தன் சொந்தப் பணப்பெட்டியைத் திறந்து, தன் கையாலேயே 5 தெனாரியஸ் எடுத்துக் கொடுத்தார் என்று பேரரசர்களின் வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ் சொல்கிறார். பேரரசரின் கஞ்சத்தனத்துக்கு உதாரணமாக அவர் இதைச் சொன்னாலும், நமக்கு வேண்டிய விஷயம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. அங்கே கானுஸை அவர் ‘கொரௌலேஸ்’ என்று குறிப்பிடுகிறார். அதாவது, கோரஸோடு சேர்ந்து மேடையில் குழல் வாசிக்கும் வித்வான்.

கொரௌலேஸ், அஸ்கௌலேஸ். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். வால் ஒன்று, தலை மட்டும் வேறு. மார்சியல் கிரேக்கச் சொல்லை எடுத்ததற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ‘மேடைக் குழல்’ வாசிக்கிறவன் ‘தோற்பைக் குழல்’ வாசிக்க ஆசைப்படுவானா என்று அதே சொல்லின் முன்பாதியை மட்டும் மாற்றி இறக்குகிறார். கானுஸின் பெயரைக் கேட்டதுமே ரோமானியர் காதில் ‘கொரௌலேஸ்’ ஒலித்திருக்கும். அந்த இடத்தில் ‘அஸ்’ வந்து விழுவதுதான் அடி. ‘உத்ரிகுலாரியுஸ்’ என்று எழுதியிருந்தால் அகராதிப் பொருள் மாறியிருக்காது, இந்த அடி மட்டும் கிடைத்திருக்காது.

இரண்டாவது காரணம் யாப்பு. இந்தக் கவிதை ‘ஸ்காஸோன்’ என்ற யாப்பில் இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நொண்டுவது என்று பொருள். (நம் நொண்டிச் சிந்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.) வரி முழுக்கச் சீராக நடந்துவந்து, கடைசிக்கு முந்தின அசை நீண்டதாக வந்து காலை இழுக்கும். ‘அஸ்-கௌ-லேஸ்’ என்பதில் அந்த இடத்தில் ‘கௌ’ இருக்கிறது, நீண்ட அசை, கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘உ-த்ரி-கு-லா-ரி-யுஸ்’ என்பதில் அங்கே வருவது ‘ரி’, குறுகிய அசை. அதனால் எழுவாய் வடிவத்தில் அந்தச் சொல்லை இந்த வரியின் முடிவில் வைக்கவே முடியாது. நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். யாப்பு தடுத்தது என்பது கணக்கு, அதில் சந்தேகம் இல்லை. கொரௌலேஸை நினைத்துத்தான் எழுதினார் என்பது என் வாசிப்பு. எனக்கு அது உறுதியாகப் படுகிறது, ஆனால் மார்சியல் எங்கும் எழுதிவைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காடை பேசுகிற பறவை இல்லை. கிளி தன் பேச்சை விட்டுவிட்டு வெறும் சத்தத்துக்கு இறங்காது என்பது முதல் உவமை. அதே படிக்கட்டில்தான் கானுஸும் நிற்கிறார். உதடும் நாக்கும் சேர்ந்து குழைக்கிற வித்தையைக் கைவிட்டு, அறுபடாமல் ஒரே சீராக வரும் பைச் சத்தத்துக்கு அவர் போக மாட்டார். ஆகவே இந்தச் சொல்லில் மதிப்புக் குறைவு உண்டு. ஆனால் இது கருவியைப் பற்றிய வசை என்று நான் சொல்ல மாட்டேன். தெருவில் ஊதிப் பிழைக்கிறவனுக்கும் மேடை வித்வானுக்கும் இடையில் ரோமானியர் வைத்த தூரத்தைத்தான் இது காட்டுகிறது. அந்தத் தூரத்தை நாமும் நம் ஊரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்புறம் நீரோ. ரோம் எரியும்போது பிடில் வாசித்தான் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ரோம் எரிந்தது 64-ஆம் ஆண்டில். பிடில் என்ற கருவி உருவாக அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் ஆயின. நீரோவின் முதன்மைக் கருவி கித்தாரா, உடலோடு அணைத்துப் பிடித்து மீட்டும் பெரிய யாழ் வகை. ஆனால் தோற்பைக் குழலோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்பதும் உண்மை. ஆட்சி ஆட்டம் காணத் தொடங்கிய கடைசி நாட்களில், தன் நிலை தப்பிப் பிழைத்தால் வெற்றி விழாவில் நீர் ஆர்கன் வாசிப்பவராகவும், கொரௌலேஸாகவும், உத்ரிகுலாரியுஸாகவும் மேடையேறுவேன், கடைசி நாளில் வெர்ஜில் காவியத்தில் வரும் டர்னஸ் வேடத்தில் ஆடுவேன் என்று வெளிப்படையாக நேர்ந்துகொண்டார் என்று சுவெட்டோனியஸ் எழுதுகிறார். அந்த விழா நடக்கவில்லை. 68-ஆம் ஆண்டு ஜூனில் நீரோ இறந்துவிட்டார். ஆகவே சுவெட்டோனியஸ் சொல்வது ஒரு நேர்த்திக்கடன், நடந்த கச்சேரி இல்லை.

வாசித்த செய்தி வேறு இடத்தில் இருக்கிறது. புருசா ஊரைச் சேர்ந்த டியோ கிறிசோஸ்தோம் என்ற கிரேக்கப் பேச்சாளர், 71-ஆவது உரையில், நம் காலத்து அரசர் ஒருவர் என்று பெயர் சொல்லாமல் சொல்கிறார். (இவரைப் பொன்வாய்ப் புனிதரான யோவான் கிறிசோஸ்தோமோடு குழப்ப வேண்டாம், பட்டம்தான் ஒன்று.) அந்த அரசர் வாயாலும் குழல் ஊதுவாராம், அக்குளில் ஒரு தோற்பையை வைத்து அழுத்தியும் ஊதுவாராம், அத்தீனாவுக்கு நேர்ந்த முக அவலட்சணம் தனக்கு வராமல் இருக்க. பெயர் இல்லாவிட்டாலும் இது நீரோதான் என்று அறிஞர்கள் பொதுவாக ஏற்கிறார்கள், நானும் ஏற்கிறேன். அந்தக் கருவி எப்படி இயங்கியது என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகத் தெளிவான வரி இது: பை, அக்குள், குழல். சுருதிக்கென்று தனிக் குழல் இருந்ததா, விரலுக்கு எத்தனை துளை என்பதெல்லாம் இதில் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர் தோளில் சாய்த்துக்கொள்ளும் மூன்று நீளக் குழல்களை ரோமானியப் படத்தில் வரைந்துவிடாதீர்கள்.

உத்ரிகுலாரியுஸ் என்ற சொல்லைத் தேடினால் ஒரு பள்ளத்தில் விழ வாய்ப்பு உண்டு, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘உத்ரிகுலுஸ்’ என்றால் சின்னத் தோற்பை. இன்றைய பிரான்சின் தெற்கே ஆர்ல், நீம், கவயோன் போன்ற ஊர்களில் உத்ரிகுலாரியுஸ் சங்கங்களின் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. கவயோன் சங்கத்தின் வெண்கல வில்லை ஒன்றில் ஊதிய தோற்பையின் உருவமே இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு ‘பேக்பைப் கலைஞர் சங்கம்’ என்று எழுதியவர்களும் உண்டு. அது சரியில்லை. ஆற்றங்கரை ஊர்களில் படகோட்டிகள் சங்கத்தோடு சேர்ந்து வருகிற பெயர் அது. காற்று அடைத்த தோற்பைகளைக் கட்டி மிதக்கவிட்ட தெப்பக்காரர்களா, மதுவைத் தோற்பையில் ஏற்றிச் செல்பவர்களா என்றுதான் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். வாத்தியத்துக்கும் அந்தச் சங்கங்களுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. சுவெட்டோனியஸ் வாக்கியத்தில் இசைக்காரர்கள் இரண்டு பேருக்குப் பக்கத்தில் வருவதால்தான் அங்கே பொருள் உறுதியாகிறது. ‘அஸ்கௌலேஸ்’ என்ற சொல்லுக்கு இந்தக் குழப்பமே இல்லை, குழல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சந்தேகமான இரண்டு செய்திகள் இணையத்தில் உறுதியான செய்திகள் போலச் சுற்றுகின்றன. ஒன்று, கி.மு. 425-இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸ் நாடகத்தில் பேக்பைப் வருகிறது என்பது. தீப்ஸ் ஊர் வியாபாரி ஒருவன் குழல்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, எலும்புக் குழலை நாயின் பின்புறத்தில் வைத்து ஊதச் சொல்கிறான். அதைத் தோற்பை என்று படிப்பவர்கள் உண்டு, வெறும் கொச்சை வசை என்று படிப்பவர்களும் உண்டு. வண்டு ரீங்காரம் மாதிரி ஊதுகிறவர்கள் என்று அந்தக் குழல்காரர்களை எதிரே இருப்பவன் திட்டுவது முதல் வாசிப்புக்குக் கொஞ்சம் பலம் தருகிறது. ஆனால் அதை வைத்து வரலாறு எழுத மாட்டேன். இன்னொன்று, ரோமானியக் காலாட்படை பேக்பைப் ஊதி நடந்தது, 6-ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் அப்படி எழுதியிருக்கிறார் என்பது. அவர் எழுதியது எக்காளத்தைப் பற்றி. குதிரைப்படையின் எக்காளம் தோலாலும் மெல்லிய மரத்தாலும் ஆனது, காலாட்படையின் எக்காளம் கெட்டியான பித்தளை என்கிறார். தோல் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யாரோ பேக்பைப் ஆக்கியிருக்கலாம். ரோமானியர்தான் அதை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார்கள் என்பதற்கு இந்த வரி சான்றாகாது.

அஸ்கௌலேஸ் என்ற சொல்லுக்குப் பிறகு என்ன ஆனது என்றால், பேச்சு வழக்கில் அது நிலைக்கவில்லை. இன்றைய கிரேக்கத்தில் ‘அஸ்கவ்லோஸ்’ என்பது படித்தவர்கள் எழுத்தில் இருக்கிறது. ஊரில் அதை வாசிக்கிறவர்கள் வடக்கே ‘காய்தா’ என்பார்கள், தீவுகளில் ‘த்சபூனா’ என்பார்கள். அந்தத் த்சபூனாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கிரேக்கர்களின் ‘சும்ஃபோனியா’, ஒலிகள் ஒன்றுசேர்வது என்ற சொல், லத்தீனுக்குப் போய், இத்தாலியில் தேய்ந்து ‘த்ஸம்போஞா’ என்று தோற்பைக் குழலுக்குப் பெயராகி, அங்கிருந்து கப்பலேறி மறுபடியும் கிரேக்கத் தீவுகளுக்கு வந்து த்சபூனாவாக நிற்கிறது. வேதாகமம் படிப்பவர்கள் தானியேல் 3-ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சாரின் சிலைக்கு முன்னால் ஒலிக்கும் வாத்தியப் பட்டியலைப் பாருங்கள். அரமேயிக் மூலத்தில் கடைசி வாத்தியம் இதே சும்ஃபோனியாவின் திரிந்த வடிவம். ஆங்கிலப் பெயர்ப்புகளில் சில அதைப் பேக்பைப் என்றே போட்டன. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘தம்புரு’. மூலத்தில் அது எந்த வாத்தியம் என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் படிக்கிறவருக்குத் தெரிந்த ஒரு சத்தத்தைக் கொடுத்தார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

அதே வழியில்தான் உங்களுக்கும் சொல் தேடுகிறேன். ‘பேக்பைப் வாசிப்பவன்’ என்று போட்டால் வாசகர் மனதில் கட்டம் போட்ட பாவாடையும் போலீஸ் பேண்டும் வந்துவிடும், மார்சியலின் ரோம் காணாமல் போய்விடும். நம்மிடம் தோற்பைக் குழல் இல்லாமலும் இல்லை. சதிர்க் கச்சேரியில், சின்ன மேளத்தில், நடனமாடுபவருக்குப் பின்னால் நின்று ஒருவர் தோற்பையை அணைத்துச் சுருதி கொடுத்துக்கொண்டே இருப்பார், அதற்குத் ‘துத்தி’ என்று பெயர். பின்னாளில் சுருதிப் பெட்டி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் துத்தி சுருதிக்கு மட்டும்தான், அதில் பாட்டு வராது. இன்று பெரும்பாலானோருக்கு அந்தப் பெயரும் தெரியாது. அதனால் ‘துத்திக்காரன்’ வேண்டாம். துருத்தி என்றால் எல்லோருக்கும் புரியும். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கொல்லன் பட்டறையில் ஆட்டுத்தோல் துருத்தி பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்து காற்றை வாங்கி மூடி அமுக்கும்போது, பை ஒரு உயிருள்ள பிராணி மாதிரி மூச்சு விடும். அக்குளில் அதை வைத்து அமுக்கி ஒரு குழலை ஊத வைப்பதைக் கற்பனை செய்ய அந்த ஒரு காட்சி போதும்.

எனவே ‘துருத்திக்குழல்காரன்’ என்று போடச் சொல்வேன். கொரௌலேஸ், அஸ்கௌலேஸ் விளையாட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் ‘மேடைக்குழல்’ என்ற சொல்லைக் கானுஸுக்கு அடைமொழியாக உள்ளே கொண்டுவாருங்கள். மூலத்தில் அது எழுத்தில் இல்லை, ஆனால் அன்றைய வாசகர் மனதில் இருந்தது, நம் வாசகர் மனதில் இல்லை. என் வரைவு இது, உங்கள் நடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்: “இதை நம்புகிறாயா பிரிஸ்கஸ்? காடைக் குரலெடுத்துப் பேசுமா கிளி? மேடைக்குழல் கானுஸுக்குத் துருத்திக்குழல்காரனாகும் ஆசை வருமா?” அடிக்குறிப்பு போடுவதாக இருந்தால் கானுஸ் யார் என்பதற்கு மட்டும் போடுங்கள். பேக்பைப் பற்றி அங்கே ஒரு வரியும் தேவைப்படாது.